சாமியின் பலகை

புருஷன் செத்துப் போய் ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து செண்பகவல்லிக்கு மனசு ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்லை. ஒரே ஒரு மணி நேரம் அது சும்மா இருந்தால் போதும் என்றுதான் மூன்று நாள் லீவு போட்டு, மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். தியானம் வரவில்லை. கால் மரத்ததுதான் மிச்சம்.

ஆசிரமத்துச் சாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வரும் என்று யாரோ சொன்னார்கள். கடைசி நாள் காலையில் முதல் ஆளாகப் போனாள். தியான மண்டபத்தில் சாமி உட்காரும் பலகைக்கு நேர் எதிரே, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி துண்டைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தால் துண்டு தூணோரம் கிடக்கிறது. அந்த இடத்தில் ஒரு தொப்பைக்காரர்.

"அண்ணாச்சி, அது என் இடம்."

"இதென்னம்மா டவுன் பஸ்ஸா, துண்டு போட?"

"நீங்க மட்டும் டிக்கெட் எடுத்துட்டா உக்காந்திருக்கீங்க?"

பின்னாலிருந்து யாரோ உஷ் என்றார்கள். அப்போதுதான் சாமி உள்ளே வந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. அவளுக்குத் தம்பி மாதிரி.

"என்னக்கா?"

"என் இடம் போச்சு சாமி. பத்து மணிக்கு எனக்குப் பஸ். இதை விட்டா வேற நேரம் இல்ல."

சாமி தம் பலகையைக் காட்டினார். "அங்க உக்காருங்க."

"அது உங்க இடமாச்சே."

"நான் வாசல்ல உக்காந்துக்கறேன். மணி அடிக்கப் போறாங்க, போங்க."

கூசிக் கூசித்தான் உட்கார்ந்தாள். மணி அடித்தது. எதிரே அறுபது பேர் கண்ணை மூடினார்கள்.

அவளால் மூட முடியவில்லை. இத்தனை முகங்களை இப்படி அவள் பார்த்ததே இல்லை. யாரும் யாருக்காகவும் முகத்தைச் சரிசெய்து வைத்திருக்கவில்லை. ஒருத்தியின் உதடு யாரையோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழவருக்கு வாய் திறந்தே கிடந்தது. சண்டை போட்ட தொப்பைக்காரரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கி மீசையில் நின்றது. அவர் துடைக்கவில்லை. செண்பகவல்லி மூச்சை மெதுவாக விட்டாள், எதுவும் கலைந்துவிடக் கூடாதே என்று.

மறுபடி மணி அடித்தது. திடுக்கிட்டாள். இப்போதுதானே அடித்தார்கள்?

எழுந்து வாசலுக்குப் போனாள்.

"மன்னிச்சுக்கங்க சாமி. ஒரு மணி நேரத்தையும் வீணாக்கிட்டேன். கண்ணையே மூடல. அவங்களையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"வேற ஏதாச்சும் ஞாபகம் வந்துச்சா?"

அவள் யோசித்தாள். "இல்லயே."

"பன்னெண்டு வருஷமா அந்தப் பலகையில நானும் அதைத்தான் செய்யறேன்க்கா."