இன்னும் ஒரு சுற்று

"செல்லக்கிளி வாளியால இடிச்சுட்டாங்க அம்மா. அதான் குழாய் ஒழுகுது. இனிமே அவங்களை அந்த அறைக்குள்ள விடாதீங்க" என்றார் தணிகாசலம். எல்லோர் முன்னாலும்தான் சொன்னார்.

குன்னூர் மடத்தில் படுக்கையோடு கிடக்கும் முதியவர்களுக்காக டீசல் ஹீட்டர் ஒன்று உண்டு. அதற்கு எண்ணெய் வரும் செம்புக் குழாயை மாட்டியவர் அவரே. தேயிலைத் தொழிற்சாலை பாய்லரோடு காலம் தள்ளிவிட்டுச் சீடராக வந்தவர். தலை நரைத்துவிட்டது, கைவேலைக் கர்வம்தான் நரைக்கவில்லை.

குரு யோகாம்பிகை அம்மா அவரைவிட இளையவர். பேச்சு குறைவு.

"கழட்டுங்க."

வால்வை மூடிவிட்டுக் கழற்றினார். குழாயின் விரித்த வாயில், பித்தளை நட்டு மூடியிருந்த இடத்தில் விரிசல்.

"வாளி நட்டுக்குள்ளயா புகுந்துச்சு?"

தணிகாசலத்துக்கு முகம் எரிந்தது. ஸ்பேனரில் தொங்காத குறையாக அவர் இறுக்கிய இறுக்கில் வந்த விரிசல் அது. மாட்டும்போதே 'டிக்'கென்று கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

உள்ளே கிழவர்கள் குளிரில் இருமினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் செல்லக்கிளி தன் கம்பளியையும் அவர்களுக்குப் போர்த்திவிட்டு, சிந்திய டீசலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேற குழாய் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா."

"மாட்டுங்க. செல்லக்கிளி, டார்ச் காட்டு."

அவள் வந்து வெளிச்சம் காட்டினாள். அவர் நட்டை நேர் பார்த்துக் கையாலேயே சுற்றினார். ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பினார். குழாய் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. வால்வைத் திறந்தார். ஒரு சொட்டு கசியவில்லை. ஹீட்டரும் பற்றிக்கொண்டது.

ஆனாலும் கை மறுபடி ஸ்பேனரை எடுத்தது.

"ஒழுகுதா?"

"இல்லம்மா."

"பின்ன யாருக்காக இறுக்கறீங்க?"

"நாளைக்கு ஒழுகினா, தணிகாசலம் போட்ட ஜாயின்ட்டுன்னு ஒருத்தர் சொல்லிடக்கூடாதே..."

பக்கத்தில் செல்லக்கிளி டார்ச்சை அசைக்காமல் பிடித்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது.

ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"கிளிம்மா, குழாயைக் கெடுத்தது நான்தான்" என்றார் மெதுவாக.

"சத்தமா சொல்லுங்க" என்றார் அம்மா. "உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கல."