ஆறாவது தோல்வி

நல்லசிவம் முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு கிரிப்டோ காயின் வாங்கி விற்பதில் இறங்கினார். இரண்டே வருஷத்தில் ஐந்து முறை கையைச் சுட்டுக்கொண்டார்.

ஆறாவது முறைக்கு மனையை விற்பதென்று புரோக்கரிடம் பேசியாகிவிட்டது. வீடு கட்டலாம் என்று அவர் மனைவி சீட்டுக் கட்டி வாங்கிய மனை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அதற்கு முன் ஒருத்தியிடம் மட்டும் கேட்டுவிடலாம் என்று ஈரோட்டுக்கு பஸ் ஏறினார். இளவேனில் அவரிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். பல வருஷமாக கிரிப்டோ சந்தையில் நிற்கிறாள். கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் தருகிறாள்.

"எந்தக் காயினை வாங்கட்டும்? இனிமே நீதாம்மா எனக்கு வாத்தியார்."

"முதல்ல தோத்த கதையைச் சொல்லுங்க சார்."

சொன்னார். முதல் தடவை மச்சினன் பேச்சைக் கேட்டு வாங்கியது. அடுத்தது யூடியூபில் ஒருவன் சொன்னது. மூன்றாவதை அவரே கணக்குப் போட்டு வாங்கினார். நான்கும் ஐந்தும் மலிவாகக் கிடைக்கிறதே என்று.

"விலை இறங்கினப்ப என்ன பண்ணீங்க?"

"திரும்ப ஏறிடும்னு காத்திருந்தேன்."

"எந்தத் தடவை?"

கொஞ்சம் யோசித்தார். "எல்லாத் தடவையும்தான்."

இளவேனில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாங்க சார், வெளிய போயிட்டு வரலாம்."

எதிரே டவுன் பஸ் வந்து நின்றது. ஏறும்போது, "எங்க போறோம்னு கேக்காதீங்க. டிக்கெட் மட்டும் நீங்க எடுங்க" என்றாள்.

கண்டக்டர் வந்தார். "எங்க இறங்கணும்?"

"தெரியலைங்க."

"தெரியலைன்னா?"

"போற வழியில நல்ல இடமாப் பாத்து இறங்கிக்கலாம்னு..."

சொல்லும்போதே நல்லசிவத்துக்கு என்னவோ போலிருந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இறங்குற இடம் தெரியாம டிக்கெட்டை எப்படிங்க கிழிக்கிறது?" அடுத்த நிறுத்தத்தில் விசில் அடித்து இருவரையும் இறக்கிவிட்டார்.

வெயிலில் நடந்தே திரும்பினார்கள். பாதி வழியில் நல்லசிவம் ஒரு வேப்பமர நிழலில் நின்று, புரோக்கருக்கு போன் போட்டார். மனையை விற்கவில்லை என்று சொன்னார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.

"வீட்டுல எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. ஒரு வாரம் பேசல, அப்புறம் சரியாயிட்டா. பென்ஷன்ல கொஞ்சம் எடுத்து வாங்கினேன். இந்த விலைக்குக் கீழ போனா வித்துடணும்னு வாங்குறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சேன். கீழ போச்சு. வித்துட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாளே ஏறிடுச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இருந்துட்டுப் போகட்டும். ஆறாவது தடவையாத் தோத்தேன், அவ்வளவுதானே?"

"ஆறாவது இல்லை சார்" என்றாள் இளவேனில். "ரெண்டாவது."

கணக்கு வாத்தியார் விரல்விட்டு எண்ணப் போனார். பிறகு, காத்திருந்தே தோற்ற அந்த ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கையை மடக்கிக்கொண்டு, மறு கையில் ஒரு விரலை மட்டும் நீட்டினார்.