பனி கட்டின ஏசியும் பேசாத அய்யாவும்

"ஏசியைப் பதினாறுல நான் வைக்கலைண்ணே. வைக்கல. இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?

ரிமோட் என் பொறுப்புலதான் இருந்துச்சு, ஆமா. அதுக்காக? தீப்பெட்டி என் வீட்டுல இருந்தா ஊருல எரியிற கூரையெல்லாம் நான் கொளுத்துனதா?

என்னது, வேணும்னே படத்தை நனைச்சேனா? வாயில வர்றதையெல்லாம் பேசாதீங்கண்ணே. ஆறு வருசமா அந்தப் படத்துக்குப் பூ மாத்துனவ நானு. நீங்க இல்ல.

மன்னிப்பா? ஞாயித்துக்கெழமை, சபையில, நாப்பது பேரு முன்னாடி விழுந்து கும்புட்டா? இல்லைன்னா இனிமே படியேறக் கூடாதா?

வச்சுருங்க போனை. அய்யாகிட்டயே கேட்டுக்கறேன்."

போனை வச்ச பொற்கொடி அய்யாகிட்ட கேக்கப் போனது ஒரே ஒரு கேள்வி. அதுக்கு முன்னாடி நடந்தது இதுதான்.

சேலத்துல ஒரு வீட்டு மாடி. அதுதான் அய்யாவுக்கும் அவரு சீடருங்களுக்கும் தியான மண்டபம். ரெண்டு நாளைக்கு முன்னாடி அங்க இருந்த ஏசி உள்ள பாளம் பாளமா பனி கட்டிப் போச்சு. உருகுன தண்ணி செவுத்துல வழிஞ்சு, கீழ மாட்டியிருந்த பெரிய அய்யா படத்துக்குள்ள எறங்கிருச்சு. பெரிய அய்யான்னா அய்யாவோட குரு. காலமாயிட்டாரு. அவரை எடுத்த போட்டோ உலகத்துலயே அது ஒண்ணுதான். மொகம் இருந்த எடத்துல இப்ப ஒரு பழுப்புக் கறை.

மண்டபத்துக் கணக்கெல்லாம் பாக்குற பரமசிவம் யோசிக்கவே இல்ல. பொற்கொடிதான் பதினாறுல வச்சு உறைய விட்டான்னு முடிவு கட்டி, அவளுக்குப் போனைப் போட்டுட்டாரு.

அய்யா மௌன விரதத்துல இருந்தாரு. நாப்பத்தெட்டு நாளு. அன்னிக்கு முப்பத்தொண்ணு. ஏதாவது சொல்லியே ஆகணும்னா சிலேட்டுல எழுதிக் காட்டுவாரு.

பொற்கொடி மாடியேறுனப்போ ஏசி ஓடிக்கிட்டு இருந்துச்சு. காத்து வரல. உள்ள மறுபடியும் வெள்ளையா கட்டியிருந்துச்சு.

"அய்யா, இது ஏன் இப்படி உறையுது?"

அய்யா எந்திரிச்சாரு. ரிமோட்டை எடுத்தாரு. குளிரை நிறுத்திட்டு, உள்ள இருக்குற ஃபேன் மட்டும் ஓடுற மாதிரி வச்சாரு. போயி உக்காந்துக்கிட்டாரு.

"ஏன்னு கேட்டா நிறுத்திட்டுப் போறீங்க. இது ஒரு பதிலா?"

அய்யா கண்ணை மூடிக்கிட்டாரு.

அவளுக்குப் பொறுக்கல. முக்காலியில ஏறி, ஏசி மூடியைத் தூக்கிட்டு, பழம் வெட்டுற கத்தியால பனியைக் குத்தப் போனா.

அய்யா பாஞ்சு வந்து மணிக்கட்டைப் புடிச்சாரு. பனிக்குப் பின்னாடி மெல்லிசா ஓடுற, கத்தி பட்டா ஓட்டையாயிடுற செம்புக் குழாயைக் காட்டுனாரு. கத்தியை வாங்கி வச்சுட்டு சிலேட்டுல எழுதுனாரு.

'காத்திரு.'

"ஆறு வருசமா அதைத்தானே பண்றேன்."

கீழ வாளி வச்சா. சொட்டு, சொட்டுன்னு விழுந்துச்சு. ரெண்டு மணி நேரம் ரெண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

பனி பூரா எறங்குனதும் அய்யா மெயின் சுவிட்சை அணைச்சாரு. பக்கத்துல கெடந்த ஈரத் துண்டை எடுத்தாரு. வந்தாரு. அவ மூக்கையும் வாயையும் சேத்து அமுக்குனாரு.

அவ திமிறுனா. மூச்சு உள்ள போகல. கையைத் தட்டி விட்டுட்டு எரைச்சா.

"என்னாங்கய்யா இது! கொன்னுருவீங்க போல."

அய்யா ஏசியைக் கை காட்டுனாரு.

அவ பாத்தா. மறுபடி முக்காலியில ஏறுனா. தூசி தடுக்குற வலை ரெண்டு பக்கமும் இருக்கும்ல, அதை உருவுனா.

வலையில ஓட்டையே தெரியல. கறுப்பா, பிசுபிசுன்னு, தார் பூசுன மாதிரி இருந்துச்சு.

மோந்து பாத்தா.

சாம்பிராணி.

ஏசி வாங்குன அன்னிக்கு அதுக்கு சந்தனம் குங்குமம் வச்சது அய்யாதான். அன்னியிலேர்ந்து காலையும் சாயங்காலமும் சாமி படத்துக்கெல்லாம் தூபம் காட்டிட்டு, கடைசியா இதே முக்காலியில ஏறி, ஏசி தலைமேல ஒரு சுத்து காட்டுவாரு. அது பொகையை உறிஞ்சி மண்டபம் பூரா வாசமா விடும். எல்லாரும் கன்னத்துல போட்டுக்குவாங்க. தூபக்காலை வேற ஒரு ஆளு தொட விடமாட்டாரு.

"மூச்சு விட முடியல அதுக்கு" அப்படின்னா பொற்கொடி, மெதுவா. "குளிர் வெளிய போக வழியில்ல. உள்ளயே தங்கி, தன்மேலயே உறைஞ்சு போச்சு."

அய்யா தலையாட்டுனாரு.

அவ வலையைக் கொண்டுபோயி சோப்புத் தண்ணியில ஊற வச்சுத் தேச்சா. தண்ணி கறுப்பாச்சு. இன்னொரு வாளி. அதுவும் கறுப்பு. நெழல்ல காய வச்சு மாட்டிட்டு, இருவத்து நாலுல போட்டா. காத்து ஜில்லுன்னு வந்துச்சு. ஒரு மணி நேரம் பக்கத்துலயே நின்னு பாத்தா. பனி கட்டல. மறுபடி கட்டுச்சுன்னா கேஸ் ஒழுகுதுன்னு அர்த்தம், மெக்கானிக்கைக் கூப்புடணும். கட்டல.

"அய்யா, ஏசிக்குப் பதில் கெடச்சுருச்சு. எனக்கு?"

அவரு ஈரத் துண்டை எடுத்து மடிச்சாரு.

"ஞாயித்துக்கெழமை சபையில, தப்பு என்னுது இல்லைன்னு நீங்க சொல்லிருவீங்கல்ல?"

அய்யா ஒதட்டு மேல வெரலை வச்சாரு. விரதமாம்.

"சரி. சிலேட்டுல எழுதலாம்ல? முந்தாநேத்து ரசத்துல உப்பு இல்லைன்னு எழுதுன அதே சிலேட்டுதானே?"

அய்யா சிலேட்டை எடுத்தாரு. 'காத்திரு'ன்னு இருந்ததைத் துண்டால தொடச்சாரு. காலி சிலேட்டை அவ கையில குடுத்துட்டு, கண்ணை மூடிக்கிட்டாரு.

இதைக் கேள்விப்பட்டவங்க, ஆகா, மனசைத் தொடச்சு வையின்னு உபதேசம் பண்ணிருக்காருன்னாங்க. ஒரு அம்மா அழுதுருச்சு.

ஞாயித்துக்கெழமை வந்துச்சு. மண்டபத்துல நாப்பது பேரு. பரமசிவம் மொத வரிசையில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. கறை படிஞ்ச படத்துக்கு யாரோ புதுசா மாலை போட்டிருந்தாங்க.

பொற்கொடி வந்தா. விழுந்து கும்புடுவான்னு எல்லாரும் கழுத்தை நீட்டுனாங்க. அவ மூடி வச்ச வாளி ஒண்ணைத் தூக்கிட்டு வந்து நடுவுல வச்சா. மூடியை எடுத்தா. வலை கழுவுன கறுப்புத் தண்ணி. மண்டபம் பூரா பழைய சாம்பிராணி நாத்தம்.

அய்யா அதைப் பாத்தாரு.

பாத்துட்டு, தூபக்காலை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு. வழக்கம்போல ஒவ்வொரு படத்துக்கா காட்டுனாரு. மொகமில்லாத அந்தப் படத்துக்கும் காட்டுனாரு. கடைசியா முக்காலியை நோக்கி நடந்தாரு.

பொற்கொடி போயி முக்காலி மேல ஏறி நின்னுக்கிட்டா.

பொகை நேரா அவ மூஞ்சியில ஏறுச்சு. இருமுனா. கண்ணுல தண்ணி கொட்டுச்சு. எறங்கல. கக்கத்துல இருந்த சிலேட்டை எடுத்து அவரு முன்னாடி நீட்டுனா. சாக்கட்டியையும்தான்.

"விரதத்தைக் கலைக்க வேண்டாங்கய்யா. எழுதுங்க. கடைசி வரிசைக்கும் தெரியற மாதிரி பெருசா எழுதுங்க. இந்தப் பொகை யாரோடது?"