உருளியும் இரட்டைப் பாறையும்

சருகுமலைக் காட்டில் ஒரு பன்றிக் கூட்டம் இருந்தது. கோடை வந்துவிட்டால் மலைச்சரிவில் விளையும் வள்ளிக்கிழங்குதான் அதற்குச் சாப்பாடு. சரிவுக்குப் போக ஒரே வழி, இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த சந்து.

அந்தச் சந்துக்கு நரி ஒரு சட்டம் போட்டிருந்தது. "இடுப்பு பாறையில் உரசாமல் போனால் முழுப் பங்கு. உரசினால் அரைப் பங்கு. மீதி அரை, காவல் பார்க்கிற எனக்கு!" பன்றிகளின் தலைவரும் யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டார்.

உருளி என்ற பெண்பன்றிக்கு இரண்டு பக்கமும் உரசியது. ஒரு மாதம் அரைவயிற்றோடு கிடந்தாள். பசியில் காதை அடைத்தது. கொஞ்சம் இளைக்கவும் செய்தாள். ஆனாலும் பாறை உரசத்தான் செய்தது.

நரி தலைவரிடம் ஓடியது. "பார்த்தீங்களா தலைவரே! அரைப் பங்கு திங்கிறவளுக்கு இந்த இடுப்பு எப்படி வந்துச்சு? ஒளிஞ்சு திங்கிறா! கூட்டத்தை விட்டுத் துரத்துங்க!"

தனியாகப் போகிற பன்றி சிறுத்தைக்கு இரை. அது அங்கே எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. குண்டாக இருப்பவரின் தட்டை எட்டிப் பார்க்க நாலு பேர் வருவார்கள். அவருக்காகப் பேச ஒருவர் வரமாட்டார். நம் ஊரிலும் இதே கதைதான்.

உருளி அழவில்லை. "நான் எங்கேயும் போக மாட்டேன்! ஏழு நாள் என்னைக் கண்கொட்டாம பாருங்க. கூடவே சுள்ளியையும் பாருங்க!" என்றாள்.

சுள்ளி கூட்டத்திலேயே ஒல்லியான பன்றி. "என்னை ஏன்க்கா இழுக்கறே?" என்று முனகினான்.

தலைவரே காவல் இருந்தார். உருளி அரைப் பங்கைத் தின்று, தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். சுள்ளி தன் முழுப் பங்கையும் முடித்தான், குட்டிகள் வைத்த மிச்சத்தையும் முடித்தான், பிறகு கிழங்குத் தோலையும் தேடிப் போனான். எட்டாம் நாள் இருவரையும் சந்துக்குள் அனுப்பினார்கள். சுள்ளி வழுக்கிக்கொண்டு போனான். உருளிக்கு இரண்டு பக்கமும் உரசியது.

தலைவர் திகைத்துப்போனார். "இது என்னம்மா கூத்து! அவன் தின்னது எங்கே போச்சு? உனக்கு இந்த இடுப்பு எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கம்மாகிட்டேருந்து வந்துச்சு! குட்டியா இருந்தப்ப ஆத்து வெள்ளத்துல போய் அக்கரைக் கூட்டத்துல வளர்ந்தாளே, என் அக்கா! அவ தின்னது வேற கிழங்கு, வேற மண்ணு. அவ இடுப்பையும் போய்ப் பாருங்க!"

தலைவருக்கு வெட்கமாகிவிட்டது. போன மாதம்தான் அக்கரையில் தண்ணீர் குடித்த அந்த அக்காவை உருளி என்று நினைத்து அவர் கூப்பிட்டிருந்தார்.

"எங்கப்பாவும் நாளெல்லாம் தின்னுக்கிட்டே இருப்பாரு. காத்தடிச்சா பறந்துடுவாரு!" என்றான் சுள்ளி.

நரி விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். சட்டம்னா சட்டம்தான்! பாறை உரசுதா, இல்லையா? அந்த அரைப் பங்கு என்னோடது!"

தலைவர் மறுபடியும் தலையை ஆட்டப் போனார். உருளிக்குக் கோபம் தலைக்கேறியது.

"அம்மா கொடுத்த உடம்பை இந்தப் பாறைக்காக நான் செதுக்க முடியாது! பாறை நகரட்டும்!"

சொல்லிக்கொண்டே சின்னப் பாறையில் இடுப்பைக் கொடுத்து நெம்பினாள். பாறை அசையவில்லை. மறுபடியும் நெம்பினாள். சுள்ளி ஓடிவந்து தன் ஒல்லித் தோளைக் கொடுத்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கடைசியாகத் தலைவரும் வந்தார். அடிமண் பெயர்ந்து, பாறை தடதடவென்று சரிவில் உருண்டது. நரி குதித்து விலகி, வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

அன்று உருளி எல்லோர் கண்ணெதிரிலும் உட்கார்ந்து, தன் முழுப் பங்கையும் நிதானமாகத் தின்றாள்.

பெற்றவர் கொடுத்த உடம்பைக் காட்டி ஒருவரைப் பேராசைக்காரர் என்று சொல்லும் சட்டம், பாறையாகவே நின்றாலும் அதைத் தள்ளிவிட வேண்டும்.