வேலையில்லாமைக்கு வரி

ஆழித்துறையில் மணல் அடைத்துக்கொண்ட வருஷம் அது. கரைக்கு வர முடியாத கப்பல்களெல்லாம் அடுத்த நாட்டுத் துறைமுகத்துக்குப் போய்விட்டன. மூட்டை தூக்கியவர்கள், பாய்மரத் துணி தைத்தவர்கள், கயிறு திரித்தவர்கள் என்று முந்நூறு பேருக்கு ஒரே வாரத்தில் வேலை போயிற்று.

மன்னர் ரணகீர்த்தி நல்லவர்தான். சாப்பாட்டுக்கும் தாம்பூலத்துக்கும் நடுவே குடிமக்களைப் பற்றியும் கொஞ்சம் யோசிப்பார். அப்படி யோசித்த ஒரு நாள், "வேலை கிடைக்கும் வரை வீட்டுக்கு மாதம் ஆறு மரக்கால் அரிசி கொடுங்கள்" என்று உத்தரவு போட்டார். ஊரே வாழ்த்தியது.

மூன்று மாதம் ஆயிற்று. வரித்தலைவர் பதுமநாபருக்கு ஒரு யோசனை உதித்தது. வீட்டுக்குள் எது வந்தாலும் வருமானம். வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு அரசாங்கத்துக்கு. அரிசியும் உள்ளே வந்ததுதானே? ஒரே ஒரு சிக்கல். தொழில் உள்ளவனிடம்தான் வரி வாங்கலாம் என்பது சட்டம். பதுமநாபர் சளைக்கவில்லை. ஏட்டை எடுத்தார், எழுதினார். அவ்வளவுதான், சேவகர்கள் கிளம்பிவிட்டார்கள்.

முதலில் போனது பாய்மரத் துணி தைக்கும் சுடலையாண்டி வீட்டுக்கு.

"மூணு மாச வரி பாக்கி. மூணு மரக்கால் அரிசி எடு" என்றான் சேவகன்.

"அரிசியைத்தான் தின்னாச்சே!"

"தின்னதுக்குத்தான் வரி."

"எனக்குத் தொழிலே இல்லையே ஐயா!"

சேவகன் ஏட்டை விரித்து வாசித்தான். "சுடலையாண்டி. தொழில், வேலையில்லாமை. கூலி, ஆறு மரக்கால். கொடுப்பவர், மன்னர்."

சுடலையாண்டியின் மனைவி இசக்கி முன்னால் வந்தாள். "கொடுக்கும்போதே பிடிச்சிருக்கலாம்லா? நாங்க அதுக்குத் தக்கன தின்னிருப்போமே."

சேவகனுக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத சேவகன் என்ன செய்வான்? அடுப்பிலிருந்த கஞ்சியை வாசலில் கொட்டிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தெரு முழுக்க அதே கூத்து. முந்நூறு பானைகள் அரண்மனைக் கிடங்கில் போய்ச் சேர்ந்தன.

பொங்கப் பானை இல்லாததால், இசக்கி மிச்சமிருந்த ஒரு பிடி அரிசியை ஊறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். கடைக்குட்டி மெல்ல முடியாமல் துப்பியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நேரே போய் உடையப்பன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

உடையப்பனுக்கு அரசவையில் இன்ன பதவி என்று கிடையாது. மன்னருக்கு அலுப்புத் தட்டும்போது பேச்சுக் கொடுக்க வேண்டும். நாக்குதான் அவருடைய ஒரே சொத்து. இசக்கி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கூலி கொடுப்பவர் மன்னர் என்றா எழுதியிருக்கிறது? நன்றாகக் கேட்டாயா?"

"என் காதால கேட்டேன் ஐயா."

"அப்படியானால் நாளை மதியம் எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு அரண்மனைப் பந்திக்கு வந்துவிடுங்கள். யாராவது கேட்டால் அரண்மனை ஆட்கள் என்று சொல்லுங்கள்."

"அடிப்பாங்களே ஐயா!"

"அடிக்க வந்தால் நான் முன்னால் நிற்கிறேன்."

அரண்மனை ஊழியர்களுக்குத் தினமும் மதியம் பந்தி உண்டு. மறுநாள் அந்தப் பந்தியில் எள் போட இடமில்லை. பரிமாறுகிறவர்களும் யார் எவர் என்று கேட்காமல் பரிமாறிவிட்டார்கள். சேனாபதி கை கழுவிக்கொண்டு வந்தபோது ரசம்கூட மிச்சமில்லை.

பசித்த சேனாபதி போட்ட சத்தத்தில் மன்னரே எழுந்து வந்தார். சபை கூடியது. இசக்கியையும் சுடலையாண்டியையும் முன்னால் நிறுத்தினார்கள்.

"யார் நீங்கள்?" என்றார் மன்னர்.

"அரண்மனை ஆளுக, சாமி" என்றாள் இசக்கி.

"யார் சொன்னது?"

"இதோ இவருடைய ஏடு சொல்கிறது, அரசே" என்று உடையப்பன் பதுமநாபரைக் காட்டினார். "இவர்களுக்கு ஒரு தொழில் உண்டு. அதற்குக் கூலியும் உண்டு. கூலி கொடுப்பவர் தாங்கள். தங்களிடம் கூலி வாங்குகிறவன் அரண்மனை ஊழியன்தானே? அரண்மனை ஊழியருக்குப் பந்தி உண்டு, வருஷத்துக்கு இரண்டு வேட்டி சேலை உண்டு. வரி மட்டும் கிடையாது. நம் பதுமநாபர்கூட இதுவரை ஒரு மணி அரிசி வரி கட்டியதில்லை."

பதுமநாபர் துள்ளிக் குதித்தார். "அபத்தம்! வேலை ஒன்றுமே செய்யாமல் அரண்மனைச் சோறு தின்பவன் எப்படி ஐயா ஊழியனாவான்?"

உடையப்பன் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். முப்பது வருஷமாகப் போரே பார்க்காத சேனாபதி. சொன்னது ஒன்றும் பலிக்காத சோதிடர். கொட்டாவியை மறைத்துக்கொண்ட இரண்டு மந்திரிகள்.

"மெதுவாகப் பேசுங்கள் ஐயா" என்றார். "அப்படி ஒரு சட்டம் வந்தால் நாளைக்கு இந்தச் சபையில் ஒருத்தர் மிஞ்ச மாட்டோம். சிங்காசனத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை."

சுடலையாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

முதலில் மன்னருடைய தொந்திதான் குலுங்கியது. பிறகு கிரீடம் ஆடியது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உடனே மொத்தச் சபையும் சிரித்தது. சிரிக்காதவன் தன்னைத்தான் சொன்னார்கள் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே! எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பதுமநாபர்.

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேலை கிடைக்கும் வரை கொடுக்கும் அரிசிக்கு வரி இல்லை. பழைய பாக்கியும் தள்ளுபடி. பதுமநாபரே, பொழுது சாய்வதற்குள் பானைகளை நீரே கொண்டுபோய்க் கொடும்."

"வெறும் பானையாவா சாமி?" என்றாள் இசக்கி. "எடுத்துட்டுப் போகும்போது அதுல கஞ்சி இருந்துச்சே."

"அரிசி போட்டே கொடும்" என்றார் மன்னர். பிறகு உடையப்பனிடம் திரும்பினார். "உமக்கு என்ன வேண்டும்? பொன்னா, நிலமா?"

"அதெல்லாம் சாவகாசமாகக் கொடுங்கள் அரசே" என்றார் உடையப்பன். "முதலில் ஒரு வாய்ச் சோறு போடச் சொல்லுங்கள். என் இலையிலும் யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்கள்."