மயில்கரட்டுச் சுரங்கம்

மீனாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது மயில்கரட்டுக் குன்றின் அடிவாரத்தில். நான் சுற்றுலா பஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "பின்னாடி ஆட்டுக்குட்டி நிக்குது, பாத்து டிரைவரண்ணே!" என்று கத்தினாள். குட்டியைத் தூக்கி ஓரமாக விட்டுவிட்டுக் கை காட்டினாள். அடுத்த முறை போனபோது அவள் இல்லை. மஞ்சள் காமாலை என்றார்கள்.

கரட்டின் மேலே ஒரு குகைக்கோயில். அங்கே அவள்தான் வழிகாட்டி. அவளிடம் தொழில் படித்தவர் அடைக்கலம், அவளைவிட மூத்தவர். கட்சிக் கூட்டங்களுக்கு மைக் பிடித்து அறிவிப்புச் செய்த ஆள். மீனாளைக் 'குருவே' என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலியாகத்தான் தொடங்கினார்.

ஒரு நாள் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். நாடு முழுவதும் பார்க்க வந்தவர்கள். காலையில் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்தாயிற்று. எங்கள் டூர் மேனேஜர் கிஷோர் அடிவாரத்திலேயே மீனாளிடம் சொல்லிவிட்டான்.

"போன ரெண்டு குரூப்பும் இங்க கொட்டாவி விட்டுச்சு மேடம். இன்னைக்கும் அப்படின்னா இந்த ஸ்டாப்பை எடுத்துடுவோம்."

பஸ் நிற்காவிட்டால் மீனாளுக்கும் அடைக்கலத்துக்கும் பிழைப்பு இல்லை. வேறு எந்தக் கம்பெனி வண்டியும் அந்தப் பக்கம் வருவதில்லை.

படியேறும்போது அடைக்கலம் கேட்டார். "பெரிய கோயிலைப் பாத்த கண்ணுக்கு இந்தக் குகை எம்மாத்திரம் குருவே? இதை எப்படிப் பெருசாக் காட்டுறது?"

மீனாள் மூச்சு வாங்கிக்கொண்டே நடந்தாள்.

"இன்னைக்கு நீங்களே பேசுங்கண்ணே" என்றாள்.

அன்று நானும் ஏறினேன். வெயிலிலிருந்து உள்ளே போனால் குகை வெறும் இருட்டு. அடைக்கலம் புதிதாக வாங்கிய பெரிய டார்ச்சை அடித்தார். சுவரில் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் விழுந்தது. அதில் ஒரு கால் தெரிந்தது. பிறகு ஒரு தொப்பை. ஒரு பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தாள்.

அடைக்கலம் அதைக் கவனித்துவிட்டார். சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி, மூலையில் இருந்த ஒரு பொந்தின் மேல் வெளிச்சத்தைத் திருப்பினார். மைக் இல்லாமலே குகை அதிர்ந்தது.

"சுரங்கப்பாதை! இங்கிருந்து மதுரை அரண்மனை வரைக்கும் போகுது! எதிரி வந்தப்ப ராணி குதிரையோட தப்பிச்சது இந்த வழியாத்தான்!"

அந்தப் பொந்தில் கீரி நுழைந்தாலே வால் இடிக்கும். ஆனால் கிஷோர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் கூட்டம் முழுவதும் மூலைக்கு ஓடியது. வரிசையில் நின்று பொந்தைப் படம் எடுத்தார்கள். சிற்பச் சுவர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கிஷோர் வாயெல்லாம் பல்லாக மீனாளிடம் வந்தான். "இப்பத்தான் மேடம் உங்க இடம் களை கட்டுது. அப்படியே விடுங்க. ஸ்டாப் இருக்கும்."

அடைக்கலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா குருவே? பெருசாக் காட்டியாச்சு."

அப்போது கூட்டத்தில் உயரமான ஒரு பெரியவர் மீனாளிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "அம்மா, இந்தச் சுரங்கம் உண்மையில் எவ்வளவு தூரம் போகிறது?"

மதுரை வரைக்கும் என்று அவள் சொல்லியிருந்தால் போதும்.

மீனாள் மூலைக்குப் போனாள். எல்லோரும் விலகினார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டுப் பொந்துக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனது. உள்ளே வளையல் பாறையில் இடித்துச் சத்தம் கேட்டது. கையை வெளியே எடுத்து, முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

"இவ்வளவு தூரம்."

கிஷோர் பல்லைக் கடித்தபடி, "கெடுத்தீங்களே மேடம்" என்றான். அடைக்கலத்தின் முகம் செத்துப்போனது.

மீனாள் கையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். "அண்ணே, லைட்டை அணைங்க."

"இருட்டா இருக்குமே."

"அணைங்க."

அணைத்தார். அவள் கூட்டத்தைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். "உட்காருங்க. இந்த மலையைக் குடைஞ்சவங்களும் இந்தத் தரையிலதான் உட்கார்ந்தாங்க. எதிர்ச் சுவரைப் பாருங்க. அவ்வளவுதான்."

தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. யாரோ இருமினார்கள். பிறகு சுவரில் ஒரு தொப்பை வந்தது. அதன் பக்கத்தில் ஒரு மத்தளம். அதை அடிக்கும் குட்டைக் கை. பிறகு அடுத்த தொப்பை, அடுத்த கை. கண் பழகப் பழக, சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பூதகணங்கள் வரிசையாக எழுந்துவந்தன. ஒன்று குழல் ஊதியது, ஒன்று தாளம் போட்டது. ஒன்று பக்கத்துப் பூதத்தின் காதைத் திருகிக்கொண்டிருந்தது. கடைசியில்தான் முகங்கள் வந்தன. அத்தனையும் சிரிப்பு.

கடிகாரம் பார்த்த அந்தப் பெண்மணிதான் முதலில் சிரித்தாள். பிறகு அந்த உயரமான பெரியவர். அதன் பிறகு குகை முழுவதும் சிரிப்பாக இருந்தது. எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது என்று கிஷோர் வெளியே போய் நின்று விசில் ஊதினான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை ஊதிவிட்டு அவனே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டான்.

பஸ்ஸில் ஏறும்போது கிஷோர் மீனாளிடம் முகம் கொடுக்காமல் சொன்னான். "அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் முன்னாடியே வர்றோம். நேரம் பத்தலை."

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

நான் டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடைக்கலம் அவள் பக்கத்தில் வந்து நின்றார். மைக் பிடித்த குரல் போய் வேறு குரல் வந்திருந்தது.

"குருவே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கண்ணே."

"நீங்க கையை விட்டுக் காட்டினப்ப, ஏமாத்திட்டாங்கன்னு அவங்க அத்தனை பேரும் எழுந்து போயிருந்தா? இனிமே பஸ்ஸே வராமப் போயிருந்தா?"

மீனாள் கரட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"போகட்டும்ணே. பாக்காமப் போறது அவங்க. நமக்கு என்ன குறைச்சல்?"

அடைக்கலமும் அண்ணாந்து பார்த்தார்.

குகை இப்போதும் திறந்துதான் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.