சிவப்புக்குப் பயந்தவர்

“சிவப்பு எரியவே கூடாதுன்னா என்ன செய்யணும், டீச்சர்?” என்று கேட்டார் மீரான் பாய்.

எழிலரசி கையை நீட்டி, டேப்ரிக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினாள். திரையில் துள்ளிக்கொண்டிருந்த பச்சைக் கோடு படுத்துவிட்டது.

“இனிமே எரியாது, பாய்.”

பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடை அது. கடை அவளுடையது. அவருக்கு அவளுடைய அப்பா வயது. சம்பளம் வேண்டாம், வேலையைக் கற்றுக்கொடு என்று அவராகத்தான் வந்து சேர்ந்தார்.

உள்ளே வரும் சத்தம் அளவு மீறினால் கோட்டின் உச்சி சிவக்கும். அந்த இடத்தில் குரல் கரகரவென்று உடைந்து பதியும். பிறகு யார் வந்தாலும் ஒட்டவைக்க முடியாது.

இதை அவள் சொன்ன நாளிலிருந்து மனிதருக்குச் சிவப்பென்றால் குலைநடுக்கம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை அடியோடு குறைத்து வைத்துத்தான் பதிவார். ஊரார் கொடுத்த கல்யாணப் பாட்டெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

“குறைச்சலாப் பதிஞ்சா என்ன டீச்சர்? அப்புறமா கம்ப்யூட்டர்ல சத்தத்தை ஏத்திக்கலாமே.”

அவர் பதிந்த பாட்டு ஒன்றை எடுத்து அவள் ஏற்றிக் காட்டினாள். ஸ்பீக்கர் முழுக்க ஒரே இரைச்சல்.

“பாட்டு எங்கே, பாய்?”

“உள்ள இருக்கு.”

“உங்களுக்கு மட்டும் கேக்குதாக்கும்.”

பாய் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டைப் பொதி ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கேசட்.

எழிலரசி நாடாவை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் பழுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது.

“இது ஒரே தடவைதான் ஓடும், பாய். ஓடும்போதே உதிரும்.”

“தெரியும். அதுக்குத்தான் இந்த வேலையைக் கத்துக்கிட்டேன்.”

“யார் குரல்?”

“பல்கீஸ். என் வீட்டுக்காரி.”

“எந்த இடத்துல சத்தம் அதிகம்? அதுக்குத் தக்க லெவல் வைக்கணும்.”

“தெரியாது. நான் கேட்டதே இல்லை.”

அவர் சவூதியில் வேலை பார்த்த காலத்தில், எழுதத் தெரியாத பெண்கள் கேசட்டில் பேசி, ஊரிலிருந்து போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். பல்கீஸும் அப்படித்தான் பேசி அனுப்பினாள். அது வந்து சேர்வதற்குள் காய்ச்சலில் அவள் இறந்துபோனதாகத் தந்தி வந்துவிட்டது.

“ஏன் கேக்கலை?”

“அந்த வருஷம் லீவுல வரேன்னு சொல்லிட்டு நான் வரலை. அவ திட்டியிருந்தா? வந்துருங்கன்னு அழுதிருந்தா?”

“அப்ப உங்களுக்குப் பயம் சிவப்பைப் பார்த்து இல்ல.”

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

எழிலரசி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“உக்காருங்க.”

“நீங்களே பதிஞ்சு குடுங்க டீச்சர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் வெளியில நிக்கிறேன்.”

“எனக்கு அந்தக் குரல் தெரியாதே, பாய்.”

அவள் ஒயரை மறுபடி செருகினாள். அவர் உட்கார்ந்தார். வழக்கம்போலக் குமிழை அடிவரைக்கும் குறைத்தார். அவர் பதிவைத் தொடங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு டேப்ரிக்கார்டர் பொத்தானை அமுக்கினார்.

இரைச்சல். இரைச்சலுக்கு அடியில் ஏதோ முனகல். கோடு அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

“டீச்சர், என்ன பண்ண? ஏத்தவா? ஏத்தினதும் அவ கத்திட்டான்னா?”

டேப்ரிக்கார்டருக்கு அடியில் பழுப்புப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது.

“...மாமி தூங்குறாங்க, மெதுவாத்தான் பேசணும்...” என்றது முனகல். “கேக்குதா மச்சான்?”

பிறகு பேச்சு நின்றது. டெலிபோனில் பேசுகிறவளைப் போல அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். மிஷின் பதில் சொல்லாது என்பதைப் பாவம் மறந்துவிட்டாள்.

“மச்சான்? கேக்குதா?”

மீரான் பாயின் கை குமிழுக்குப் போனது. திருகினார். இன்னும் திருகினார்.

“கேக்குது புள்ள,” என்றார்.

அப்போது பல்கீஸ் சிரித்தாள். மிஷினோடு பேசுகிற தன் பைத்தியக்காரத்தனத்தை நினைத்து, மாமியை மறந்து, வாய்விட்டுச் சிரித்தாள். கோடு உச்சிக்கு ஏறிப் பளீரென்று சிவந்தது.

எழிலரசியே பதறிப்போனாள்.

“பாய், சிவப்பு! சிவப்பு!”

“சும்மா இருங்க டீச்சர்,” என்றார் அவர். “அவ பேசிக்கிட்டிருக்கா.”